பெருமாயியின் கடவாய்ப்பல்

தொரட்டிக் கம்பால் அடிபட்டுத்தான் பெருமாயிக்கு அந்தக் கடவாய்ப்பல் உடைந்தது. உடைமரக் கிளையை வளைத்து ஆடுகளுக்குத் தழை ஒடிக்கிற கம்பு. மாடக்கண்ணு அதைத் திருப்பிப் பிடித்து, அடிப்பக்கத்தால் அவள் தாடையில் ஒரே போடாகப் போட்டான். செய்த குற்றம் என்ன? ஆட்டுக்கிடையிலிருந்து ஒரு குட்டியை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த நேரம் கிடையில் காவல் இருக்க வேண்டியவன் அவன்தான். அவனோ எப்போதும்வென்றான் ஊர்ப் பிராந்திக் கடையில் உட்கார்ந்திருந்தான்.

தொண்ணூத்தாறாம் வருஷத்துக் கோடை அது. அறுப்பு முடிந்த கரிசல் காடுகளில் உரத்துக்காக, வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் ஆட்டுக்கிடை போடச் சொல்வார்கள். புருஷனும் பெண்டாட்டியும் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு காடு காடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் தம்பி ஜெயபாண்டியின் மந்தை பக்கத்துக் காட்டில் கிடந்தது.

"கிணத்துப் படியில வழுக்கி விழுந்துட்டா," என்று மறுநாள் மாடக்கண்ணு எல்லாரிடமும் சொன்னான்.

ஜெயபாண்டி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்து இறங்கக் கூடாதா மதினி? ஈரப் படியில கவனம் வேண்டாமா?" என்று கடிந்துகொண்டான்.

அடியைவிட அதுதான் பெருமாயிக்கு வலித்தது. அந்தக் கோடையில் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றிலும் படி நனைகிற அளவுக்குத் தண்ணீர் கிடையாது. எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தர்கூட, "எந்தக் கிணறு?" என்று கேட்கவில்லை. வீங்கிய வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அவள் ஆடுகளுக்குப் பின்னால் போனாள். அன்றைக்கே மனசுக்குள் ஒன்றை முடிவு செய்துவிட்டாள். இந்தப் பொய்யை இவன் வாயாலேயே அழிக்க வைக்கணும். எப்படி என்று தெரியவில்லை. வைக்காமல் விடப்போவதில்லை என்று மட்டும் தெரிந்தது.

உடைந்த பல்லின் மிச்சம் ஈறுக்குள்ளேயே கிடந்தது. வலிக்கும், அடங்கும், திரும்ப வலிக்கும். மழைக்காலம் முடிகிற சமயம் ஒருநாள் காலையில் கன்னம் பனங்காய் மாதிரி ஊதிக்கொண்டது. காய்ச்சல் அனலாய் அடித்தது.

"கிராம்ப வச்சுக் கடி," என்றான் மாடக்கண்ணு. "பல்லுவலிக்கெல்லாம் பஸ் ஏறிப் போனா ஆட்ட யாரு பாப்பா?"

கிராம்பைக் கடிக்க வாய் திறந்தால்தானே? தாடை பூட்டிக்கொண்டுவிட்டது. பல்லிடுக்கு வழியாகச் சோற்று நீத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கிடந்தாள். காட்டுக்காரச் சம்சாரி வீட்டு வெயிலம்மாள் கஞ்சி கொண்டுவந்தவள், பார்த்துப் பதறிப்போனாள்.

"ஏட்டி, இது வெறும் பல்லுவலி இல்ல. கழுத்துக்கு இறங்கிக்கிட்டிருக்கு. எந்திரி, என்கூட வா."

மாடக்கண்ணுவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப் போனாள். பல் டாக்டர் யோகலட்சுமி சீழைக் கீறி வெளியே எடுத்தார். தாடை இளகியதும் பல்லின் வேரையும் பிடுங்கினார். பிடுங்குவதற்கு முன்னால் கேட்டார்: "எப்படி உடைஞ்சது?"

"விழுந்துட்டேன்."

"விழுந்தா முன்பல்லு போகும். கடவாய்ப்பல்லு இப்படிப் பிளக்காது," என்றார் டாக்டர். அந்தப் பொய்யைத் தன் வாயும் சொல்லிவிட்டதே என்று பெருமாயி குமைந்தாள்.

மாத்திரை இரண்டு வகை கொடுத்தார்கள். ஒன்று, உறைக்குள் மருந்துப் பொடி அடைத்த குப்பி மாத்திரை. இன்னொன்று, நாக்கில் பட்டால் துருப்பிடித்த இரும்பை நக்கியது போலக் கசந்தது.

"எதுக்கும்மா ரெண்டு? ஒண்ணு போதாதா?" என்று வெயிலம்மாள்தான் கேட்டாள்.

"வாய்க்குள்ள கிருமி ஒரே சாதி இல்லம்மா. காத்துல பொழைக்கிறது ஒண்ணு, காத்தே படாத பொந்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிறது ஒண்ணு. குப்பி மாத்திரை முதல்ல உள்ளத அடிக்கும். பொந்துக்குள்ள உள்ளத இந்தக் கசப்புதான் அடிக்கும். இவ்வளவு முத்துன சீழுக்கு ரெண்டும் சேந்துதான் போகணும். வீக்கம் வத்திருச்சுன்னு பாதியில நிறுத்துனா மிச்சம் கிடக்கிறது திரும்ப எந்திரிக்கும்." கடைசியாக ஒன்று சொன்னார்: "கசப்பு மாத்திரை திங்கிறப்ப சாராயம், பிராந்தி தொடவே கூடாது. உங்களுக்குத் தேவையில்லதான். ஆனா எல்லாருக்கும் சொல்லிருவேன்."

"தொட்டா என்ன ஆகும்?" என்றாள் பெருமாயி.

"குடலே வெளிய வாற மாதிரி வாந்தி வரும். நெஞ்சு கிடந்து அடிக்கும். செத்துப்போயிருவோம்னு தோணும்."

பெருமாயி தலையாட்டிக்கொண்டாள். மாத்திரைகளை ஒன்று விடாமல் தின்று தீர்த்தாள். முகம் வற்றியது. கீறிய இடத்தில் தாடைக்குக் கீழே ஒரு தழும்பு நின்றது. அதைத் தொடும்போதெல்லாம் அவளுக்குப் பொந்துக்குள்ளே இருக்கிற கிருமிதான் நினைப்புக்கு வரும். தன் கோபமும் அந்தச் சாதிதான், காற்று படாமலே பொழைக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

மறு வருஷம் மாடக்கண்ணுவின் முறை வந்தது. காலமெல்லாம் புகையிலை அதக்கிய வாய். கீழ்க் கடவாய்ப்பல் சொத்தையாகி, ஒரு பக்கம் வீங்கி, மனுஷன் கிடையில் உருண்டு அழுதான். பெருமாயியே அவனைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப் போனாள். கிராம்பைப் பற்றிப் பேசவில்லை. அதே டாக்டர், அதே இரண்டு மாத்திரை. வீக்கம் வற்றியபின் வந்து பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சொன்னார்.

"குடிப்பீங்களா?"

"அந்தப் பழக்கமே கிடையாதும்மா," என்றான் மாடக்கண்ணு.

டாக்டர் பெருமாயியைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தாள். "எதுக்கும் சொல்லுதேன், தொட்டுராதீங்க," என்று டாக்டர் அனுப்பி வைத்தார்.

மாத்திரை உள்ளே போனதும் வலி அடங்கியது. வலி அடங்கினதும் கால் நிற்குமா? சாயங்காலம் துண்டை உதறித் தோளில் போட்டவன், ஒரு யோசனையில் திரும்பி நின்றான்.

"ஏட்டி, அந்த டாக்டரம்மா குடிக்கக் கூடாதுன்னாளே. நெசமா இருக்குமா?"

பெருமாயி குட்டிகளைக் கூட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"டாக்டர்மாரு எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுவாவ. நானும் அதே மாத்திரையத்தான தின்னேன்? எனக்கு என்ன செஞ்சுச்சு?"

அவன் போனான். வெளிச்சம் மங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டான். நடந்து வரவில்லை, வரப்பைப் பிடித்துப் பிடித்து வந்தான். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. குடித்தது, தின்றது, தின்னாதது எல்லாம் வந்தது. "நெஞ்சு வெடிக்குதுட்டி! செத்தேன்! தண்ணி!" என்று மண்ணைப் பிராண்டினான்.

பெருமாயி செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள். அப்புறம் கம்மஞ்சோற்றைத் தட்டில் போட்டு, எதிரே உட்கார்ந்து, உடையாத வலது பக்கத்துப் பல்லால் மெதுவாக மென்று தின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டதில்லை.

விடிந்ததும் மாடக்கண்ணு கசப்பு மாத்திரை அட்டையைக் கரிசல் வெடிப்புக்குள் வீசி எறிந்தான். "இந்தச் சனியந்தான் என்னயக் கொல்லப் பாத்துச்சு. இது ஒண்ணே போதும்," என்று குப்பி மாத்திரையை மட்டும் விழுங்கினான். ஒன்று மட்டும் போதாது என்று பெருமாயிக்குத் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை.

பொந்துக்குள் மிச்சமிருந்தது எந்திரித்தது. முதலில் கன்னம், அப்புறம் தாடைக்கு அடி, அப்புறம் கழுத்து முழுக்கக் கல்லாக இறுகியது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டது. எச்சிலை விழுங்க முடியாமல் நெஞ்செல்லாம் ஒழுகியது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியதால் உட்கார்ந்தே கிடந்தான். செய்தி தெரிந்து ஜெயபாண்டி எப்போதும்வென்றானிலிருந்து வேன் பிடித்து வந்தான். வெயிலம்மாளும் பக்கத்துக் கிடைக்காரர்களும் கூடிவிட்டார்கள். ஜெயபாண்டி அண்ணனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தான். வேன் கதவுக்கு முன்னால் பெருமாயி நின்றாள்.

"வழிய விடுங்க மதினி. அண்ணனுக்கு மூச்சு இழுக்குது."

"விடுதேன். அதுக்கு முந்தி உங்க அண்ணன் ஒண்ணு சொல்லணும். என் பல்லு எப்பிடி உடஞ்சுச்சுன்னு."

"இப்பவா மதினி? அதுதான் கிணத்துல..."

"நீங்க சொல்லாதிய. அவிய சொல்லட்டும்."

மாடக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டான். தலையை ஆட்டினான்.

"தலைய ஆட்டுனா எனக்குப் புரியாது. வாயால சொல்லுங்க. இத்தன பேருக்கும் கேக்கணும்."

வெயிலம்மாள் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். "ஏட்டி, செத்துருவான்!"

"நீங்க கூட்டிட்டுப் போகாட்டா நானும் அன்னைக்குச் செத்திருப்பேன் அக்கா. அப்ப இவிய ஆடு மேச்சுக்கிட்டிருந்தாவ."

அவள் நகரவில்லை. மாடக்கண்ணு அவள் கண்ணைப் பார்த்தான். அதில் என்ன கண்டானோ, வாயைத் திறக்கப் பாடுபட்டான். களிமண் அடைத்த வாயிலிருந்து வருகிற மாதிரி சொல் வந்தது.

"நா...ந்தான். தொரட்டியால. அடிச்சேன்."

ஜெயபாண்டியின் பிடி ஒரு கணம் தளர்ந்தது. பெருமாயி விலகிக் கதவைத் திறந்துவிட்டாள். பிறகு தானும் ஏறிக்கொண்டாள்.

கோவில்பட்டியில் பார்த்துவிட்டு உடனே பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கழுத்தில் கீறிச் சீழை வடித்து, அந்த இரண்டு மருந்தையும் நரம்பு வழியாகவே ஏற்றினார்கள். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்," என்றார் அங்கிருந்த டாக்டர். வேன் கதவுக்கு முன்னால் நின்ற நேரத்தைப் பெருமாயி நினைத்துப் பார்த்தாள். பயம் வந்தது உண்மை. இரக்கம் வரவில்லை.

"மாத்திரைய ஏன் நிறுத்துனாரு?" என்று டாக்டர் கேட்டபோது நடந்ததைச் சொன்னாள். குடித்தான், வாந்தியெடுத்தான், எறிந்தான். அந்தச் சாயங்காலம் தான் சொன்ன சொல்லை மட்டும் விட்டுவிட்டாள். அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

அவன் பிழைத்து எழுந்து, கஞ்சி குடிக்கிற வரைக்கும் பக்கத்தில் இருந்தாள். பிறகு ஊருக்கு வந்து மந்தையைப் பிரித்தாள். கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த ஆடுகளின் காதில் அவர் போட்ட வெட்டு அடையாளம் இருக்கும். அதுகளையும் அதுகளின் வழிவந்த குட்டிகளையும் மட்டும் பிரித்துக் கழுகுமலைக்கு ஓட்டிப் போனாள். அங்கே தங்கச்சி வனிதா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றைப் பொம்பளை கிடை போடுவதா என்று முதலில் சம்சாரிகள் தயங்கினார்கள். அவள் கிடை போட்ட காட்டின் ஒரு வருஷ வெள்ளாமையைப் பார்த்தபின் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள்.

ரெண்டாயிரம் பிறந்தபின் ஒரு பங்குனியில் ஜெயபாண்டி அவளைத் தேடிக் கழுகுமலைக்கு வந்தான். அவள் மோர் கொடுத்தாள். அவன் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள்.

"அன்னைக்கு ஈரப்படின்னு சொன்னேனே மதினி," என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. மோரை ஒரு மிடறு குடித்துவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தான். "அண்ணன் இப்ப குடிக்கதே இல்ல. பிராந்தி வாடை பட்டாலே வயித்தப் பிடிச்சுக்கிட்டு ஓடுதாவ. திருந்திட்டாவ. நீங்க வந்துரணும்."

"திருந்தல, பயந்திருக்காவ. அதுவும் தன் வயித்துக்குப் பயந்து."

"பொறகு அவியட்ட நான் என்ன சொல்ல?"

"எனக்கு இன்னும் ஆறலன்னு சொல்லுங்க. ஆறுனா சொல்லி அனுப்புதேன்."

ஜெயபாண்டி மோரைக் குடித்து முடித்துக் கோவில்பட்டி பஸ்ஸுக்கு நடந்தான். பெருமாயி ஆடுகளைக் கிளப்பிக்கொண்டு மேற்குக் காட்டுக்குப் போனாள். அவள் கடைசிவரை சொல்லி அனுப்பவில்லை.