கசங்காத படுக்கை

நான் வீட்டு அலங்காரப் பத்திரிகையில் வேலை பார்ப்பவள். யாரும் படிக்காத ஆங்கிலப் புத்தகங்களும் எலுமிச்சம்பழக் கிண்ணமும் எங்கள் வேனிலேயே இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் அவற்றைப் பரப்பி, 'வீட்டுக்காரரின் ரசனை' என்று எழுதுவோம்.

காக்களூரில் ஒரு தொழிலாளி புதிதாகக் கட்டிய வீட்டைப் படமெடுக்கப் போனோம். அரிசி மூட்டை, சாமி காலண்டர், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் கண்ணை உறுத்துகிறதென்று வெளியே தள்ளினேன். கட்டிலில் எங்கள் வெள்ளை விரிப்பை இஸ்திரி போட்டு விரித்தோம்.

நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்காரர் வந்தார். "மேடம், கண்ணு சொக்குது. ஊட்டுக்குள்ள போயி கொஞ்சம் படுத்துக்கவா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"பெட்ரூம்தான் பாக்கி. விரிப்பு கசங்கிடும், ஒரு மணி நேரம் பொறுங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, அரிசி மூட்டையில் சாய்ந்து வெயிலிலேயே தூங்கிப்போனார். அவர் மனைவி சாமி காலண்டரை அவர் முகத்துக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

'உழைத்துக் களைத்தவரைத் தாலாட்டும் படுக்கையறை' என்று அந்தப் படத்துக்கு நான்தான் எழுதினேன். படமெடுத்து முடித்ததும், அதே கட்டிலில் சௌகரியமாக உட்கார்ந்து எழுதினேன். என் ரசனை எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துபோனது அங்கேதான்.