நெல் காய்ந்த படங்கும் என் பழைய ஓஸ்டினும்

நான். என் மனைவி பார்வதி. பக்கத்து வீட்டு சலீம் நானா. அவர் மனைவி. அவர்களுடைய மகள் ரஹீமா — நிறைமாதம், இரண்டு கையாலும் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு.

போன செவ்வாய்க்கிழமை காலை என் காரைச் சுற்றி நின்றவர்கள் இவ்வளவு பேர்தான். கார் பாதி மூடியிருந்தது. மீதியை இழுக்க யாருக்கும் கை வரவில்லை.

காரணம்? காரை மூடியிருந்த படங்குத் துணியை நான் பின்பக்கமாகத் தூக்கினேன். கீழே ஒன்று அசைந்தது. என் மணிக்கட்டுத் தடிமன். முதுகில் சங்கிலி கோர்த்த மாதிரி வட்டம் வட்டமாக… கண்ணாடி விரியன். கண் இமைக்கும் நேரம்தான். மட்கார்டுக்கு அடியில் போனது. பிறகு காணோம்.

எங்கே போனது? அதுதான் கேள்வி.

"மிளகுக் கொடிப் பக்கம் போயிருச்சுங்க. நான் பார்த்தேன்" என்றாள் பார்வதி.

"எங்க பார்த்த? கண்ண மூடிக்கிட்டுல்ல நின்ன?"

சலீம் நானா தலையை ஆட்டினார். "போகல்ல தம்பி. வால் மேல ஏறினத நான் கண்டேன். வண்டிக்குள்ளதான் ஈக்குது."

ரஹீமா வலியில் பல்லைக் கடித்தாள். கையில் வேலிக் கம்பு முறுகியது.

கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் படங்கு என் காரின் மேல் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். காரைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதும்போதெல்லாம் யாராவது ஒருவர் கடிதம் போட்டுக் கேட்கிறீர்கள் — வெளியே நிற்கிற பழைய காரை எதைக் கொண்டு மூடுவது? நான் அதிகம் படித்தவன் இல்லை. ஸ்டியரிங் பிடித்தே வயதானவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

என்னுடையது உலகச் சண்டைக்கு முன்னால் வந்த ஓஸ்டின். மாத்தளைப் பக்கம் பல்லேபொலவில் வாடகைக்கு ஓடுகிறது. கராஜ் கிடையாது. பலா மரத்தடியில் நிற்கும். மேலே இலை, பலாப் பால், காக்கை எச்சம். மழைக்காலத்தில் துரு. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்ற பிறகு பெயின்ட் இல்லை, பார்ட்ஸ் இல்லை. ஒரு கதவு துருப்பிடித்து விழுந்தால் இன்னொரு கதவுக்கு எங்கே போவேன்? அந்தக் கார் படுத்தால் எங்கள் அடுப்பும் படுத்துவிடும்.

ரப்பர் ஷீட் போட்டுப் பார்த்தேன். மழை உள்ளே வரவில்லை. ஆனால் காலையில் எடுத்தால் கார் குளித்த மாதிரி நிற்கும். எல்லாம் வேர்வை! மழையைவிட அது மோசம். சாக்குகளைச் சேர்த்துத் தைத்துப் போட்டேன். நனைந்தால் லேசில் காயாது. தென்னங்கிடுகு போடச் சொன்னார் ஒருவர். இது காரா, மாட்டுக் கொட்டிலா? புது கன்வஸ் துணி கிடைக்குமா என்று தம்புள்ளை லொறிக்காரர்களிடம் விசாரித்தேன்.

"எங்க லொறிக்கே இல்ல. ஒங்க தகர டப்பாவுக்கு எங்க போறது அண்ணே?" என்று சிரித்தார்கள்.

அப்போதுதான் சலீம் நானா தன் படங்கைக் கொடுத்தார். முற்றத்தில் விரித்து நெல்லும் மிளகும் காயப்போடுகிற பெரிய முரட்டுத் துணி. ஓரத்தை இரண்டாக மடித்து, உள்ளே கயிறு வைத்துத் தைத்தது. "எடுங்க தம்பி. அடுத்த அறுவடைக்குத்தான் எனக்குத் தேவ" என்றார். உதறினேன். போர்த்தினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. தண்ணீர் வழிந்து ஓடியது, காற்றும் போனது. காருக்கு இதைவிட நல்ல உடுப்பு இல்லை என்று உங்களுக்கு எழுத இருந்தேன்… நல்ல வேளை, எழுதவில்லை.

அந்த மடிப்புக்குள் நெல் இருந்தது. எத்தனையோ அறுவடை நெல். எனக்குத் தெரியவில்லை. எலிக்குத் தெரிந்துவிட்டது. எலி வந்தால் அதன் பின்னால் யார் வருவார்?

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். எங்கள் பக்கத்து மருத்துவிச்சியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். விடிந்ததும் வந்து ரஹீமாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மாத்தளை ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள், சுணங்கினால் இரண்டு உயிரும் தங்காது என்றாள். ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் பண்ணத் தபால் கந்தோருக்கு ஓடினாள். ரஹீமாவின் புருஷன் தம்புள்ளையில் கடையில் இருந்தான். காலை பஸ் போய்விட்டது. கைக்கு இருந்த வண்டி இது ஒன்றுதான்.

பலாக்காய் பறிக்கிற நீளத் தடியால் படங்கை இழுத்துப் போட்டேன். கதவுகளைத் திறந்து சீட்டை அடித்தேன். ஹார்ன் அடித்தேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்து உறுமவிட்டேன். ஒன்றும் வெளியே வரவில்லை.

"பின் சீட்டக் கழட்டிப் பாத்திட்டுப் போவமா?" என்றார் நானா.

"எவ்வளவு நேரம் போகும்?" கேட்டது ரஹீமா.

"ஒரு மணித்தியாலம் புள்ள. போல்ட் எல்லாம் துரு."

"ஒரு மணித்தியாலம் எனக்கு ஏலா மாமா. கதவப் புடிங்க."

"உள்ளுக்குப் பாம்பு, மகள்!" என்றார் நானா.

"என்ட வயித்துக்குள்ள புள்ள, வாப்பா" என்றாள். ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு என்ன பேச்சு? அவள் பின் சீட்டில் படுத்தாள். அவள் உம்மா தலையை மடியில் வாங்கிக்கொண்டு, இரண்டு காலையும் சீட்டுக்கு மேலே மடித்துக்கொண்டார். நானா முன் சீட்டில் குந்தினார், கையில் ஒரு குட்டைத் தடியோடு. எல்லோரும் காலைத் தூக்கிக்கொள்ளலாம். டிரைவர் தூக்க முடியுமா? கிளட்ச் யார் மிதிப்பது? பிரேக்?

பார்வதி ஓடிப்போய் இரண்டு சாக்கு கொண்டுவந்தாள். பாதத்திலிருந்து முழங்கால்வரை சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினாள்.

"கலியாண மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். முடிச்சை இன்னொருதரம் இழுத்தாள்.

"எந்த ஊரு மாப்பிள்ளடி சாக்குக் கட்டுறான்?" என்றேன். புறப்பட்டோம்.

பயம் என்றால் என்ன என்று என்னைக் கேளுங்கள். கண் ரோட்டில். காது சீட்டுக்கு அடியில். உயிர் இரண்டு பாதத்தில். மண் ரோடு, பள்ளம். வேகமாக விட்டால் பிள்ளைக்கு ஆபத்து. மெதுவாக விட்டால் பிள்ளைக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. ஒருதரம் கணுக்காலில் ஏதோ உரசியது. குனிந்து பார்க்க முடியாது. காலை எடுக்கவும் முடியாது. பிறகுதான் தெரிந்தது — சாக்குக் கயிற்றின் நுனி.

பெரிய ரோட்டில் ஏறிய பிறகு அந்தச் சத்தம் வந்தது. 'ஸ்ஸ்ஸ்…' என்று நீளமாக.

"டிரைவர் மாமா… டயர் காத்துப் போகுதா?" என்றாள் ரஹீமா, வலிக்கு நடுவே.

"ஆமா புள்ள. போகட்டும். நீ கண்ண மூடிக்க."

நானா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. டயர் பங்சராக இருக்க வேண்டும், கடவுளே, பங்சராக இருக்க வேண்டும் என்று ஒரு டிரைவர் வேண்டிக்கொண்டதைக் கேட்டிருக்கிறீர்களா? நான் வேண்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டி தயாராக நின்றது. மிஸ்ஸியின் டெலிபோன். ரஹீமாவை உள்ளே கொண்டுபோனார்கள். நான் இறங்கி நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தேன்.

"டயர்?" என்றார் நானா.

"கல்லு மாதிரி இருக்கு நானா."

"யா அல்லாஹ்" என்று மதிலோரம் உட்கார்ந்துவிட்டார்.

வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. பிழைத்தது. ரஹீமாவும் கண் திறந்து தண்ணீர் கேட்டாள் என்று ஒரு நர்ஸ் வந்து சொன்னாள். நானா அழுதார். நான் காலில் கட்டிய சாக்கை அவிழ்த்தேன்.

ஆகவே, எழுதிக் கேட்டவர்களே… என் பதில் இதுதான். துணி தடிப்பா, மழை தாங்குமா, காற்றுப் போகுமா — எல்லாம் பாருங்கள். அதோடு, அந்தத் துணி இதற்கு முன் எதற்குப் பயன்பட்டது என்றும் கேளுங்கள். தையலைப் பிரித்துப் பாருங்கள்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற வாடகைக் கார்க்காரர்கள் ஸ்பேனரும் ஜாக் கம்பியுமாக வந்தார்கள்.

"என்னண்ணே, பாம்புக்கும் ஹயர் காசு வாங்கினீங்களா?" என்றான் ஒருவன்.

போல்ட்டைக் கழற்றி, பின் சீட்டை நிமிர்த்தினார்கள். சிரிப்பு நின்றது. ரஹீமாவின் இடுப்பு கிடந்த இடத்துக்கு நேர் கீழே விரியன் சுருண்டு கிடந்தது. இடையில் கிழிந்த பஞ்சு மட்டும்தான். அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. என் கால் இன்னும் என்னுடையதாக இல்லை.

முடிந்தது என்று திரும்பினேன். "தம்பி" என்றார் நானா. பஞ்சு அசைந்துகொண்டிருந்தது. விரியன் முட்டையிடாது, குட்டி போடும். வீட்டிலேயே போட்டதோ, வழியில் போட்டதோ… ஒவ்வொன்றும் சுண்டுவிரல் தடிப்பு. தடியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, எண்ணியவர் நானாதான்.

முப்பத்தொன்று.