வகுப்பு வாசலில் வெடிச்சரம்

என் வீட்டுக்காரர் அதுவரை ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடியிருக்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி ஆலையில் வேலை. உலைச்சூட்டில் நின்று நின்று காலில் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகக் கிடக்கும். அந்த மனிதர் மாரத்தான் ஓடப் போகிறேன் என்றதும், "உனக்கு இன்னா பைத்தியமா?" என்று கத்திவிட்டேன்.

எல்லாம் எங்கள் பையனுக்காகத்தான். ஏழு வயதாகியும் பேச்சு இல்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது அந்தப் பெயரையே நாங்கள் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே ஒரு வகுப்பு. வாடகை வீட்டில் ஒரு டிரஸ்ட் நடத்தியது. அங்கே போன பிறகுதான் அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தன் கையால் சோற்றை எடுத்து வாயில் வைத்தான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். அந்த வகுப்பைத்தான் பணமில்லாமல் மூடப்போகிறோம் என்றார்கள். ஓட்டம் நடத்தி நன்கொடை திரட்டலாம் என்று முடிவானதும் முதலில் பெயர் கொடுத்தவர் இவர்.

ஷிப்ட் முடிந்து வந்து ஜி.என்.டி. ரோட்டு ஓரமாக, லாரிப் புகையைத் தின்றுகொண்டே ஓடிப் பழகினார். நன்கொடை கேட்டுப் போன இடத்தில் ஒரு கடைக்காரர், "நீ ஓடுனா உன் புள்ள பேசிடுமா?" என்றாராம். இவர் நன்கொடை நோட்டை மடக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன்.

ஓட்டம் வகுப்பு வாசலில் முடிவதாக ஏற்பாடு. மைக் வேண்டாம், கைகூடத் தட்ட வேண்டாம், சத்தம் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது, கையை ஆட்டினால் போதும் என்று டீச்சர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். ஆலையிலிருந்து வந்த இவருடைய கூட்டாளிகளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் சரம் கொளுத்தாமல் எதுவும் நடக்காது. கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். தங்கள் ஆள் ஓடி வருகிறான், சும்மா எப்படி நிற்பது? தெரு நீளத்துக்குச் சரத்தை விரித்துவிட்டார்கள்.

பையன் என் கையைப் பிடித்தபடி வாசல் படியில் நின்றான். இவர் தெருமுனையில் தலைகாட்டியதும் பற்ற வைத்தார்கள். நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை. பையன் கையை உதறிக்கொண்டு வகுப்புக்குள் ஓடினான். புகையில் தட்டுத் தடுமாறி நான் போய்ச் சேர்வதற்குள் சுவரில் தலையை மோதி மோதி நெற்றி கிழிந்திருந்தது. தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டிருந்தான். பிடிக்கப் போன என்னையும் கடித்தான். கழுத்தில் மாலையோடு உள்ளே வந்த இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சரம் கொளுத்தியவன் வாசலில் நின்று அழுதான். "அண்ணி, சத்தியமா தெரியாது அண்ணி. சந்தோசத்துல பண்ட்டோம்."

"போய்யா அப்பால! உன் சந்தோசத்துல இடி விழ!" என்றேன். அவனை அடிக்கக்கூட ஆத்திரம் வந்தது. ஆனால் பாவி, எங்கள் மேல் உள்ள பிரியத்தில்தானே செய்தான்.

வகுப்பு பிழைத்தது. பணம் வந்தது, இன்னொரு டீச்சரையும் போட்டார்கள். என் பிள்ளைதான் அந்தத் தெருவுக்குள் கால் வைக்கவில்லை. சுற்று வழியில் கூட்டிப் போனோம், ஆட்டோவில் தூக்கிப் போனோம். தெருமுனை தெரிந்ததுமே அலறி, தலையை மோதிக்கொள்வான். தட்டின் முன்னால் உட்காருவதும் அதோடு போயிற்று. டீச்சர் வீட்டுக்கே வந்து பார்த்தார். அவரைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

சில மாதம் கழித்து எங்கள் பக்கத்து ஆரணியிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். அவள் பையனை அந்த வகுப்பில் சேர்த்திருந்தாள்.

"அண்ணன் ஓடலன்னா அந்த கிளாசே இருந்திருக்காதுக்கா. என் புள்ள இப்போ அவன் கையாலயே துன்றான்" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நல்லா இருக்கட்டும் என்று வாய் சொன்னது. வயிறு பற்றி எரிந்தது. உள்ளே பையன் பசியில் கத்த ஆரம்பித்திருந்தான். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அவனுக்கு ஊட்டப் போனேன்.