ஒரு நூல் தள்ளி நின்ற பட்டாம்பூச்சி

பனியனில் கண்ணாடிக் கல் வைக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: தப்பு செய்தால் அது மினுமினுவென்று மின்னும், தேடிப் பார்க்க வேண்டியதே இல்லை.

சொந்தமாகக் கட்டிய மெஷினோடு மல்லுக்கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் என் அனுதாபங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். கம்பெனி மெஷின் கெட்டால் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுத் திட்டலாம். நாமே கட்டிய மெஷின் கெட்டால் யாரைக் கூப்பிடுவது?

எங்கள் மெஷினைக் கட்டியவர் என் முதலாளி ஈஸ்வரண்ணன். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கல் வைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் அவருடையது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பசைத்தாளின் மேல் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டிசைன்படி வைப்பார்கள். அந்தத் தாளைப் பனியன் மேல் போட்டுச் சூட்டில் அழுத்தினால் கல் துணியில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பொறுக்கி வைக்கிற வேலைக்குத்தான் அண்ணன் மெஷின் கட்டினார். பழைய எம்பிராய்டரி மெஷினின் சட்டம், காயலான் கடை பிரிண்டர்களில் பிடுங்கிய மோட்டார்கள், கல்லை உறிஞ்சித் தூக்க ஒரு ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர். எல்லாம் சேர்ந்து அவர் வீட்டுக் கார் ஷெட்டில் நின்றது. அதை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு ஆள் வேண்டுமென்று, இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னைச் சேர்த்துக்கொண்டார். குன்னத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன்.

தலையாட்டியது

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. யார் எது கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவேன், பேச்சு அதோடு முடிந்துவிடும். அது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்று அந்த மெர்ச்சண்டைசர் வந்த அன்று தெரிந்தது. ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டரை முடித்து அனுப்பும் வரை பொறுப்பானவர் அவர். குழந்தைகள் பனியன், நெஞ்சில் கல்லால் ஒரு பட்டாம்பூச்சி. பெரிய ஆர்டர். கையால் வைத்தால் கப்பல் போன பிறகுதான் முடியும்.

மெஷினைச் சுற்றி வந்து பார்த்தவர் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். கம்ப்ரஸர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தலையாட்டினேன். அவர் கேட்டது, “இந்த மெஷின்ல துல்லியமா வருமா?” என்று அண்ணன் பிறகுதான் சொன்னார். அதற்குள் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. இனி மெஷின் ஓடியே ஆகவேண்டும். ஆரம்பத்திலிருந்தே அந்தக் கார் ஷெட்டில் கார்தான் நிற்க வேண்டும் என்று சொல்லிவந்த அண்ணனின் மனைவி ரேவதியக்கா, எனக்கு டீ கொடுத்துவிட்டுச் சிரித்தபடியே சொன்னார்:

“இந்த ஆர்டருக்கு இது ஓடுலீன்னா பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுருவேன் கண்ணு. அப்பறம் நீயும் பஸ் ஏறி வர வேண்டியதில்ல, பாத்துக்க.”

வீடு தெரியாத மெஷின்

மெஷின் எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் ஒரு மூலைக்குப் போய் நிற்கும். கம்ப்யூட்டர் பாஷையில் அந்த மூலைக்கு ‘ஹோம்’, அதாவது வீடு, என்று பெயர். அங்கிருந்துதான் எல்லா அளவும் எண்ணப்படும். காலையில் ஹோமுக்குப் போய்விட்டு வந்து அழகாகக் கல் வைக்கும். பதினோரு மணிக்கு மேல் பட்டாம்பூச்சி முழுசாக ஒரு பக்கம் பறந்துபோயிருக்கும். மறுபடி ஓட்டினால் இன்னொரு பக்கம். புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். மோட்டார் வயரையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி பின்னும் ஒரு நிட்டிங் ஷெட். காலையில் அங்கே மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் பதினோரு மணிக்குள் பஞ்சுத் தூசி எங்கள் ஜன்னல் வழியாக வந்து, சாப்பாட்டு டப்பா மூடி வரைக்கும் படியும். ஒருநாள் என் துப்பட்டாவில் பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. ஹோமில் இருக்கும் சென்சார் இரண்டு பல் நடுவே ஒரு வெளிச்சக் கோடு மாதிரி. அந்தக் கோடு மறைந்தால், வந்து சேர்ந்துவிட்டோம் என்று மெஷின் நின்றுவிடும். குனிந்து பார்த்தேன். பல்லுக்கு நடுவே பஞ்சு. ஹேர்பின்னால் அதை எடுத்துவிட்டு, ஒரு சோப்பு டப்பாவை வெட்டி மூடி போட்டேன். அன்று சாயங்காலம் வரை பட்டாம்பூச்சி இடத்தை விட்டு அசையவில்லை. நடந்ததை அண்ணன் பெருமையாக விளக்க, ரேவதியக்கா கேட்டார்:

“அப்ப இத்தன நாளும் சொந்த ஊடே தெரியாமத்தான் இது பூச்சிக்கு ரெக்க வெச்சுட்டு இருந்துச்சாக்கும்?”

ஒரு நூல்

அடுத்தது, எல்லாக் கல்லும் ஒரே சீராகக் கொஞ்சம் இடப்பக்கம் விழுந்தது. கல்லை உறிஞ்சும் ஊசிமுனை அதன் பிடியில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தது. ரேவதியக்கா பூதக்கண்ணாடியில் பார்த்து, “ஒரு நூல் தள்ளி நிக்குது கண்ணு” என்றார். பிடியை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் ஆறுமுகம் அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பட்டறை முழுக்க ஆண்கள். சீக்கிரம் சொல்லிவிட்டு வெளியே வரவேண்டுமென்று, “ஓட்டையை ஒரு நூல் வலது பக்கம் நகர்த்திக் கொடுங்கண்ணாச்சி” என்றேன். அவர் மேலே கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புதுப் பிடியை மாட்டி ஓட்டினால், பட்டாம்பூச்சி முழுசாக வலப்பக்கம் தள்ளி, ஓர் இறக்கை தாளில் போட்டிருந்த டிசைன் கோட்டைத் தாண்டி உட்கார்ந்திருந்தது. மற்ற இறக்கைக்கும் அதன் கோட்டுக்கும் நடுவே இன்னொரு வரிசைக் கல் வைக்கலாம். பிடியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினேன். பனியன் ஊரில் ஒரு நூல் என்றால் நூலின் தடிமன். தலைமுடியைவிடக் கொஞ்சம் பெரிசு. லேத் பட்டறையில் ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. இரண்டுக்கும் நடுவில் எங்கள் பட்டாம்பூச்சி மாட்டிக்கொண்டிருந்தது. அன்று முதல் முறையாக அந்தப் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, மில்லிமீட்டரில் படம் போட்டு, வாயைத் திறந்து விளக்கினேன். படத்தைப் பார்த்த அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார்:

“நீங்க சொல்லுத நூலு சட்டை தைக்கதுக்குல்லா ஆவும்! இரும்புல ஊசி நூலக் கோத்தா நான் ஓட்டை போட முடியும்?”

சுற்றி வந்து உட்காருவது

இறக்கைகளில் ஒன்று அழகாக வந்தது, மற்றது நெளிந்தது. உற்றுப் பார்த்தால், இடமிருந்து போய் வைத்த கற்கள் சரி, வலமிருந்து திரும்பி வரும்போது வைத்தவை மட்டும் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டன. பெல்ட்டிலும் பல்சக்கரத்திலும் இருக்கிற தொளதொளப்புத்தான் காரணம். திரும்பும்போது மோட்டார் சுற்றுவதில் கொஞ்சம் அந்தத் தளர்வை இழுப்பதிலேயே போய்விடும். பல்சக்கரத்தை மாற்ற நேரமில்லை. எல்லாக் கல்லுக்கும் ஊசிமுனை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளிப் போய், அங்கிருந்து வந்தே வைக்கும்படி புரோகிராமை மாற்றினேன். வேகம் குறைந்தது, நெளிவு போயிற்று.

அண்ணன் அதையே ரொம்ப நேரம் ரசித்துப் பார்த்தார். “எங்க மச்சானும் இப்படித்தான் அம்மிணி. நேராக் கூப்பிட்டா வரமாட்டான். ஒரு சுத்து சுத்திட்டு வந்துதான் உக்காருவான்” என்றார். மச்சான் என்றால் ரேவதியக்காவின் அண்ணன். அக்கா அப்போது ஷெட் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, எங்கண்ணன் சுத்தி வந்தாலும் சொன்ன எடத்துல உக்காந்துக்குவாரு. உங்க மெஷினுக்கு அதையும் இந்தப் புள்ளதான சொல்லித்தர வேண்டியிருக்குது?”

மோட்டாருக்குப் பொட்டு

மெர்ச்சண்டைசர் சாம்பிள் தாள் பார்க்க வருவதாக போன் வந்தது. அன்று காலை பார்த்துப் புதிதாக ஒரு கோளாறு. தாளின் முதல் வரிசைப் பட்டாம்பூச்சிகள் கச்சிதம். கீழே போகப் போக ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக் கடைசி வரிசை தாள் ஓரத்துக்கே வந்துவிட்டது. சென்சாரில் பஞ்சு இல்லை. பிடி அசையவில்லை. அண்ணன் ஷெட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. தலையாட்டியது நானல்லவா?

மோட்டாரின் தண்டு சுற்றுகிறது, அதில் மாட்டிய பல்சக்கரம் கூடவே சுற்றுகிறதா? வேகத்தில் கண்ணுக்குத் தெரியாது. குறி வைக்க மார்க்கர் தேடினேன், கிடைக்கவில்லை. நெற்றியிலிருந்த நீளமான ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, நகவெட்டியால் குறுக்கே வெட்டி, ஒரு பாதியைத் தண்டிலும் மறு பாதியைச் சக்கரத்திலும் நேருக்கு நேர் ஒட்டினேன். ஒரு தாள் ஓட்டி நிறுத்திப் பார்த்தால், இரண்டு பாதியும் தனித்தனியாக நின்றன. சக்கரத்தைத் தண்டோடு பிடிக்கிற குட்டித் திருகாணி தளர்ந்திருந்தது. அவ்வளவுதான். இறுக்கினோம். அடுத்த தாள் முழுக்க ஓடி முடிந்தும் பொட்டு பிரியவில்லை. எனக்கு அழுகை வரும் போலிருந்தது, நல்ல மாதிரி அழுகை. டீயோடு வந்த ரேவதியக்கா என் முகத்தையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார்:

“நெத்தி வெறுமையா இருக்குதேன்னு பாத்தா, மோட்டாருக்கு வெச்சு உட்டுட்டயா கண்ணு? சரி உடு, அதுவும் பொம்பளப்புள்ள மாதிரி லட்சணமாத்தான் இருக்குது.”

அப்ரூவ் ஆன கோணல்

மெர்ச்சண்டைசர் வந்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கல் பிசகவில்லை. நான் மூச்சு விடப்போன நேரத்தில் பையிலிருந்து ஒரு பனியனை எடுத்து விரித்தார். ஆர்டர் பேசும்போது எங்கள் யூனிட் பெண்கள் கையால் வைத்துக் கொடுத்த பீஸ் அது. வெளிநாட்டுக்குப் போய், அதை வாங்குகிற பையர் பார்த்துச் சம்மதித்து, முத்திரை குத்தித் திரும்பி வந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தவர், “மேட்ச் ஆகலையே” என்றார்.

முத்திரை பீஸில் பட்டாம்பூச்சியின் வலது மீசை நுனிக்கல் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது. எங்கள் தாளில் நேராக இருந்தது. “அது கை தவறி வெச்சதுங்க சார். இதுதானுங்க சரி” என்றார் அண்ணன். “தவறுனதோ என்னமோ, பையர் அதைத்தான் அப்ரூவ் பண்ணியிருக்காரு. இது மாதிரி இல்லீன்னா அத்தனையும் ரிஜக்ட்டுங்க” என்றார் மெர்ச்சண்டைசர். அண்ணன் வாய் திறப்பதற்குள் என் குரல் எனக்கே கேட்டது: “அந்தக் கல் எவ்வளவு கோணணும்னு அளந்துக்கறேங்க சார். இப்பவே வெச்சுத் தர்றேன்.”

மீசைக்கல்லுக்கு உரிய எண்ணை மாற்றி ஒரு தாள் ஓட்டினேன். பட்டாம்பூச்சிகள் வரிசை வரிசையாக மீசை நுனியைத் திருப்பிக்கொண்டு வந்தன. மெர்ச்சண்டைசர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்ரஸரை அணைத்திருந்ததால், இந்த முறை மெர்ச்சண்டைசர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது:

“கையில வெச்சா ஒண்ணு இந்தப் பக்கம் கோணும், ஒண்ணு அந்தப் பக்கம் கோணும். இது அத்தனையும் ஒரே மாதிரி கோணியிருக்குதுங்க! இதே கோணல்ல ஆர்டர் முழுக்க ஓட்டிருங்க.”

பிழையை விரட்டி விரட்டி நேராக்கிய எங்கள் மெஷின், தொழிலில் வாங்கிய முதல் நல்ல பெயர் வேண்டுமென்றே கோணலாக வைத்த ஒரு கல்லுக்காகத்தான்.