நாற்காலி வராத வருஷம்

தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் சி.ஐ.டி. பார்த்த வேலை என்னவோ, கம்பெனி வாங்கும் புதுச் சாமான்களில் எண் பொறித்த தகடு ஒட்டுவது. சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனி அது. இயந்திரமோ மேசையோ, அவர் கை படாமல் எதுவும் உள்ளே போகாது. அதனால் முதலாளி மனதில் என்ன ஓடுகிறது என்பதை வந்து இறங்கும் பெட்டிகளே சொல்லிவிடும் என்று நம்பினார். மனிதர் வாயால் சொல்வதை மட்டும் நம்பியதே இல்லை. யாராவது வணக்கம் சொன்னால், எதற்கு அடிபோடுகிறான் என்று யோசிக்கிற ஆள்.

இரண்டொரு முறை அவர் கணிப்பு பலித்தும் விட்டது. அதுதான் வினை. டிராலிகள் வாங்குவது நின்ற வருஷம், ஆர்டர் குறையும் என்றார், குறைந்தது. பிறகு சில வருஷம் கம்பெனி ஒரு திருகாணிகூட வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. திடீரென்று ஒரு நாள், இந்த வருஷம் சாமான் வாங்கும் மூலதனச் செலவு பழைய அளவைப்போல் இரண்டு மடங்கு என்று அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ். எல்லோரும் மகிழ்ந்தார்கள். இவருக்கு மூக்கில் வியர்த்தது.

பெட்டிகள் வந்தன. எல்லாம் கேமரா வைத்த பரிசோதனை இயந்திரங்கள். ஒரு நாற்காலி வரவில்லை, ஒரு மேசை விளக்கு வரவில்லை. அவர் மனைவி அங்கேதான் பூதக்கண்ணாடி வைத்துப் போர்டுகளில் பிழை தேடிக்கொண்டிருந்தாள். அந்த லைனில் அவள் கண்ணுக்கு ஈடில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் அவளுக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

"மெஷினுக்கு நாற்காலி எதுக்கு? உங்க லைன மொத்தமா தூக்கப் போறாங்க."

"மேனேஜர் அப்படி எதுவும் சொல்லலையே."

"சொல்லிட்டா செய்வாங்க? முந்திக்கிறவங்களுக்குத்தான் வெளிய வேலை கிடைக்கும்."

"யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டா மட்டும் உண்மையைச் சொல்லிடுவாங்களாக்கும்."

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். அவள் வேலையை விட்டு, சார்ஜர்களை டப்பாவில் அடைக்கும் இடத்தில் சேர்ந்தாள். "கண்ணை மூடிக்கிட்டே செய்யலாம்," என்று ஒரு நாள் சொன்னாள். அதற்குமேல் அந்த வேலையைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

புதுக் கூடம் திறந்தபோது தகடு ஒட்ட உள்ளே போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கத்திலும் புத்தம்புது நாற்காலி, அதில் ஓர் ஆள். கேமரா சந்தேகப்படும் போர்டை மனிதக் கண்தான் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். அந்தக் கேமராவோ இவருக்கு அண்ணன். அது சந்தேகப்படாத போர்டே குறைவு. பழைய ஆட்கள் போதாமல் புது ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த நாற்காலியெல்லாம் எப்ப வந்துச்சு?" என்று கணக்குப் பிரிவுப் பையனிடம் கேட்டார்.

"மெஷின் வந்தப்பவே வந்துடுச்சுண்ணே. விலை கம்மியான சாமான் எல்லாம் இந்த வருஷத்துலேர்ந்து மூலதனச் செலவுல சேராது. தகடு வேணாம், நேரா உள்ள அனுப்பிடுவோம்."

"என்கிட்ட ஏம்பா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையேண்ணே."

தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. போட்டது அவள் தலையில். வெட்கம் பிடுங்கித் தின்றது. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அவளுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது.

"திங்கக்கிழமைலேர்ந்து அங்க போறேன். புது ஆளாத்தான் சேத்துப்பாங்களாம். நான் வேலை கத்துக்குடுத்த பொண்ணுதான் இப்ப லைன் லீடர். அவகிட்ட நானே போய்க் கேட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, அதுவும் வேணாம்னு சொல்ல ஏதாவது கண்டுபிடிச்சிருப்பீங்க," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.