ஏழுமலையின் கைவலை

ஆம்பூரைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. ஷூ கம்பெனியின் நீலச் சட்டையோடு ஒருவர் முழங்கால் தண்ணீரில் தனியாக நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். பேர் அன்வர் என்கிறார். அவருக்குப் பின்னால் கரையில், மீனை அள்ளுவதற்கான பெரிய கைவலை கிடக்கிறது. அதன் மூங்கில் காம்பு ஆளைவிட நீளம். பிடிக்கும் இடத்தில் ஷூ தோல் சுற்றித் தைத்திருக்கிறது.

நூல் விறைக்கிறது. பெரிய கட்லா. ஒரு கையால் தூண்டிலை உயர்த்திக்கொண்டு, மறு கையால் வலையை இழுத்து, காம்பை அக்குளில் இடுக்குகிறார். வலையின் வளையம் மீனைத் தாண்டிப் போய் விழுகிறது. உதவலாமென்று நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மீன் நூலை அறுத்துக்கொண்டு போய்விடுகிறது.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "காம்புல பாதிய வெட்டிட்டா ஒரே ஆளா அள்ளிடலாமே, அண்ணா?"

"அள்ளலாம். ஆனா இது என் தோஸ்த் ஏழுமலை கட்னது சார். நான் தூண்டில் புடிப்பேன், அவன் கரையில நின்னுக்கினே வலைய உடுவான். எத்தியோப்பியாவுல ஷூ கம்பெனிக்குப் போய்ட்டான். ரெண்டு வருஷம்னான். நாலாச்சு."

"அவர் வர்ற வரைக்கும் சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாமே?"

அவர் ஈர வலையை உதறி, காம்பு கரைப்பக்கம் நீட்டியிருக்கும்படி பழைய இடத்திலேயே வைக்கிறார்.

"வாங்கிட்டா, தனியா புடிக்கப் பழகிடும் சார்."