பரளச்சியில் கேட்ட கேள்வி

எங்கள் கல்யாணத்துக்கு என் கணவர் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. அருப்புக்கோட்டையில் எங்கள் சபையில்தான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவர், சொந்தபந்தம் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். "எனக்கு யாருமில்ல" என்று அவரும் ஒருமுறை சொன்னார். அவர் சொன்ன விதத்தில் மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று என் அம்மா அவர் தட்டில் எப்போதும் ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போடுவாள்.

அறுபதுகளின் கடைசியில் அவர் திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சபைக்கு உபதேசியாராக இருந்தார். ஜெபவீட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் மற்ற நாளெல்லாம் அவருக்குச் சைக்கிள்தான். வெயில் கொளுத்துகிற கரிசல் காட்டு வழியே ஊர் ஊராகப் போவார். கம்பங்காட்டில் களை எடுக்கிறவர்களிடம் நின்று பேசுவார். காய்ச்சலோடும் போவார். பிள்ளை பிறந்த அன்றுகூடக் குழந்தையைப் பார்த்து ஜெபித்துவிட்டு, வருவதாகச் சொல்லியிருந்த ஊருக்குப் புறப்பட்டுப் போனார். "ஊழியம்தான் முதல்" என்பார். எனக்கு அதில் வருத்தம் இருந்தாலும் பெருமையும் இருந்தது.

சில சாயங்காலங்களில் தெருப் பிரசங்கத்துக்கு நானும் போவேன். ஆர்மோனியப் பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கி, நான் இரண்டு பாட்டுப் பாடுவேன். ஆள் கூடிய பிறகு அவர் பேசுவார்.

மழை பொய்த்துப்போன ஒரு வருஷம், பரளச்சியில் அப்படி ஒரு கூட்டம். காட்டில் வேலை இல்லாததால் நல்ல கூட்டம் வந்திருந்தது. மனிதன் தன் வாழ்க்கையில் எதை முதலில் வைக்க வேண்டும் என்பதைப் பற்றி அவர் பேசினார். கணீரென்ற குரல் அவருக்கு. கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டுக் கேட்டுப் பேசுவது அவர் வழக்கம்.

"ஒங்களுக்கு எது முதல்? நிலமா, மாடா, பிள்ளையா? கடவுளுக்கு எத்தனாவது எடம் குடுத்திருக்கீக?"

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். நடுத்தர வயது. தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டே, "ஐயா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாதீக" என்றாள்.

"கேளுங்கம்மா."

"நான் நரிக்குடிப் பக்கத்துக்காரி. இங்க வாக்கப்பட்டு வந்தவ. ஒங்களைய எனக்குச் சின்னதுலருந்து தெரியும். ஒங்க அப்பா ரெண்டு கண்ணும் தெரியாம ஆட்டுக் கொட்டகையில கெடக்காக. ஒங்களுக்கு அவுக எத்தனாவது?"

அவள் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாள். என் கை ஆர்மோனியத்தின் மேலிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

"கண்ணு... கண்ணு தெரியலையா?" என்றார் அவர். அவ்வளவுதான் வந்தது.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். "பெத்தவருக்குக் கஞ்சி ஊத்தாதவரு நம்மளுக்கு மோட்சத்துக்கு வழி சொல்ல வந்துட்டாரு" என்று ஒரு குரல் கேட்டது. கூட்டம் எழுந்து கலைந்தது. ஏற்கனவே நாங்கள் கொடுத்திருந்த, வசனம் அச்சடித்த கைப்பிரதிகளைச் சிலர் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். மண்ணில் கிடந்த அவற்றைப் பொறுக்குவதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். பஸ் வரும்வரை அந்த ஊர்க்காரர்கள் கண்முன்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. பிள்ளை அழுதது. அழட்டும் என்று விட்டுவிட்டேன். அதன் அழுகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும், "அவுக உயிரோட இருக்காகளா?" என்று கேட்டேன்.

"இருக்காகன்னு தெரியும். கண்ணு போனது தெரியாது."

"எங்கிட்ட யாருமில்லன்னு சொன்னீகளே?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அம்மா அவர் சிறுபிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். ஞானஸ்நானம் எடுத்த செய்தியைச் சொல்லப் போனபோது, இனி இந்த வாசற்படியை மிதிக்காதே என்று அப்பா சொல்லிவிட்டார். இவரும் வீம்பாகத் திரும்பி வந்துவிட்டார்.

"கர்த்தருக்காக எல்லாத்தையும் விட்டுட்டேன்னு நெனச்சேன். அப்பிடி நெனைக்கிறது எனக்கு வசதியாவும் இருந்துச்சு" என்றார்.

அவர் பொய் சொன்னார் என்பதைவிட, என் மாமனார் உயிரோடிருப்பதை ஊர் நடுவில், முன்பின் தெரியாத பெண்ணின் வாயால் தெரிந்துகொண்டதுதான் என்னைச் சுட்டது. அவரோடு சேர்ந்து நானும் அந்தத் தெருவில் பாடியிருக்கிறேனே.

மறுநாள் முதல் பஸ்ஸில் நரிக்குடிக்குப் போனோம். அங்கிருந்து கண்மாய்க் கரை வழியாக நடந்தோம். கண்மாய் வெடித்துக் கிடந்தது. வீட்டில் அவருடைய சித்தப்பா மகனும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். அந்தப் பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்" என்றாள். பிறகு கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். "கஞ்சி ஊத்தாம இல்ல. நாங்களும் முடிஞ்சதச் செய்றோம்."

கொட்டகையில் ஆட்டுப் புழுக்கை வாடை அடித்தது. கயிற்றுக் கட்டிலில் ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என் கணவரின் அதே நீண்ட காதுகள்.

"யாரு?"

"நான்தாம்ப்பா."

என் கணவர் வெளியே வெயிலிலேயே நின்றார். உள்ளே கால் வைக்க அவருக்குத் துணிவில்லை. கிழவருக்கு அது எப்படித் தெரிந்ததோ, "இங்கன வாசப்படி ஏது? உள்ள வா" என்றார்.

அன்றே அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

அதன்பிறகு எங்கள் வீட்டு வழக்கமே மாறிப்போனது. விடியற்காலையில் முழங்காலில் நின்று ஊர் ஊராகப் பேர் சொல்லி ஜெபிக்கிறவர், இப்போது அந்த நேரத்தில் அப்பாவைக் கைப்பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குளிப்பாட்டினார், வேட்டி துவைத்தார். ஜெபம் சுருங்கிப்போனது. சில நாள் "ஆண்டவரே" என்று ஆரம்பித்து அதற்குமேல் வார்த்தை வராமல் எழுந்துவிடுவார். தெருப் பிரசங்கத்துக்கு அவர் போகவில்லை. கேட்டதற்கு, "பேசுறதுக்கு எனக்கு இன்னும் வாய் வரல" என்றார்.

மாமனார் தினமும் திருநீறு பூசுவார். இடுப்பில் ஒரு சுருக்குப் பையில் வைத்திருப்பார். ஒரு நாள் காலையில் பை அவிழ்ந்து விழுந்துவிட்டது. தரையெல்லாம் தடவிக்கொண்டிருந்தார். என் கணவர் வேதப்புத்தகத்தை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய், பையை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். சபையார் யாராவது பார்த்திருப்பார்களோ என்று அன்று முழுவதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் தெரியாத மனிதர் தரையைத் தடவுவதைப் பார்த்தும் நான் எழுந்திருக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சபையாருக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று. சபைக் காரியங்களைப் பார்க்கிற மூப்பர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், எங்களுக்கு உதவியவர். முற்றத்தில் நின்றபடியே பேசினார்.

"உபதேசியாரே, ஊருக்கெல்லாம் சொல்றீக. ஒங்க வீட்டுக்குள்ளயே திருநீறா? சபைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அடுப்படியில் நான் உலையில் போட்ட அரிசியைக் கிளறாமல் நின்றேன். என் கணவர் ஏதாவது வசனம் சொல்லி நியாயம் பேசுவார் என்று நினைத்தேன்.

"எனக்கும் தெரியலைய்யா. அப்பாகிட்ட சொல்லாம, ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுட்டேன். இப்பச் சொல்ல வெக்கமா இருக்கு" என்றார்.

மூப்பர் போய்விட்டார். மாற்றல் வரும் என்று பயந்தோம். வரவில்லை.

ஆனாலும் ஒரு சாயங்காலம் அவர் சொல்லத்தான் செய்தார். அப்பாவுக்குக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, தான் ஏன் ஞானஸ்நானம் எடுத்தேன், விடுதியில் தனியாகக் கிடந்த காலத்தில் யாரிடம் பேசினேன் என்றெல்லாம் மெதுவாகச் சொன்னார். கணீர்க் குரல் இல்லை. கேள்வி கேட்கவில்லை. கேட்டு முடித்த கிழவர்தான் கேட்டார்.

"இம்புட்டு நல்ல சாமி, ஒன்னைய இத்தனை வருசமா எங்கிட்ட ஏன் அனுப்பல?"



"அனுப்புச்சுப்பா. நான்தான் வேற ஊருகளுக்குப் போயிட்டேன்."

கிழவர் காலை இழுத்துக்கொள்ளாமல் மகன் கையில் அப்படியே வைத்திருந்தார்.

அவர் மனம் மாறவில்லை. கடைசிவரை திருநீறு பூசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பாடும்போது ஜெபவீட்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பேசப் பழகிவிட்ட பிள்ளையைக் கூப்பிட்டு, பாட்டில் வரும் வார்த்தைக்கு அர்த்தம் கேட்பார். என்னைத் "தாயி" என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் கைபடாமல் தூரத்தில் தட்டை வைத்துக்கொண்டிருந்த நான், எப்போது அவருக்குச் சோறு பிசைந்து கொடுக்க ஆரம்பித்தேன் என்பது எனக்கே நினைவில்லை.

சில வருஷங்கள் கழித்து, ஒரு கார்த்திகை மாதத்து அடைமழையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். நரிக்குடிச் சொந்தக்காரர்கள் வந்து தங்கள் ஊருக்கே எடுத்துப் போனார்கள். சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். என் கணவர் பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்து நடந்தார். எங்கள் சபையிலிருந்து மூப்பர் மட்டும் குடையோடு வந்து, கண்மாய்க் கரைவரை கூடவே நடந்தார்.

அந்த ஊர் வீட்டில் பெண்கள் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். முதன்முதலில் போன அன்று எங்களை மேலும் கீழும் பார்த்த அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெல்லக் கேட்டாள்.

"ஒங்க சாமிகிட்ட அவுகளுக்காகக் கேப்பீகளாக்கா? நல்ல எடமாக் குடுக்கச் சொல்லி?"

இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்கள் சபையில் இல்லை. கூடாது என்றே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவையும் அவளிடம் விளக்கிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. "கேக்குறேன்" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை அவரிடம் சொன்னேன். தப்பு என்பார் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நனைந்த காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் கேட்டுக்கிட்டேதான் வாரேன்" என்றார்.

திருச்சுழியில் பஸ் நின்றதும், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் இறங்கினார்.